கூடையும் தொப்பியும்

மூவினத்தவரும் வாழும் கெலிஓயாவை வைத்துக் கதை எழுத வேண்டுமா? ஊருக்கு வரவே தேவையில்லை. சாமான்கள் தயாராக இருக்கின்றன. மலையகத் தமிழ்ப் பெண்ணென்றால் முதுகில் கொழுந்துக் கூடை, காலில் அட்டை, கண்ணில் நீர். அவளை வங்கியில் உட்கார வைத்தால் பரிசு கிடைக்காது. முஸ்லிம் என்றால் தொப்பி, அத்தர், வரிக்கொரு ‘இன்ஷா அல்லாஹ்’. அவருக்குக் கிரிக்கெட்டும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. சிங்களவர் என்றால் கலவரத்தன்று கதவைத் திறக்கும் தெய்வம், அல்லது அதை உடைப்பவர். சீட்டுக் காசு கட்ட மறந்த சாதாரண மனிதர் எந்த இனத்திலும் பிறப்பதில்லை.

பக்கத்துக் கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை, 1885இல் இலங்கையின் முதல் தமிழ் நாவலான ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். அதன் நாயகன் எகிப்துக்கும் இந்தியாவுக்குமாக அலைகிறான். நாமோ இன்னும் அடுத்த வீட்டுக் குசினி வரைகூடப் போகவில்லை.

ஒரு யோசனை: அச்சுக்குக் கொடுக்குமுன், கதையில் வருகிற சமூகத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சோகக் கட்டத்தில் சிரித்தாரென்றால் திருத்துங்கள். நகைச்சுவைக் கட்டத்தில் எழுந்து போனாரென்றால் கிழித்துவிடுங்கள்.