"சாப்டாச்சா?"வுக்கு அப்புறம்

கேள்வி: டீக்கடையில் நண்பர்களிடம், "வாழ்க்கையில எதுக்குடா ரொம்பப் பயப்படுறீங்க?" என்று கேட்டேன். ஒருவன் போனை எடுத்தான், இன்னொருவன் வடையை எடுத்தான். ஏன் இப்படி நழுவுகிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

கேள்வி நல்லதுதான், இடம்தான் சரியில்லை. பெஞ்சின் மறுமுனையில் இருப்பவர் பேப்பர் படிக்கிறாரா, காதைத் தீட்டுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, பேச்சின் வேகம். பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளுக்குச் சராசரியாகச் சுமார் 0.2 நொடியில் பதில் வந்துவிடுகிறதாம். அந்த ஓட்டத்துக்கு நடுவே, யோசிக்க வேண்டிய கேள்வியைப் போட்டால், யோசிக்கும் மௌனமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்த மௌனத்தை நிரப்பத்தான் வடை.

கேள்வி: வெயில், விலைவாசி, "சாப்டாச்சா?"... எல்லாம் வீண் பேச்சுதானே?
– வாசகி, சேலம்

இல்லவே இல்லை. நியூ கினியை ஒட்டிய டிரோப்ரியண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1923-லேயே இதை எழுதினார்: இத்தகைய பேச்சு தகவல் சொல்ல அல்ல, மனிதரோடு மனிதரை இணைக்க. நம் வீடுகளையே பாருங்கள். சண்டை வந்தால் முதலில் நிற்பது "சாப்டாச்சா?". சமாதானமானால் முதலில் திரும்பி வருவதும் அதுதான்.

கேள்வி: ஆழமாகப் பேசுபவர்களே சந்தோஷமானவர்கள் என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பாதி சரி. அமெரிக்காவில் 79 மாணவர்களின் அன்றாடப் பேச்சைச் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளால் பதிவு செய்த ஆய்வு 2010-ல் அப்படிச் சொன்னது. 2018-ல் அதிகம் பேரை வைத்துப் பார்த்தபோது ஆழமான பேச்சுக்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு நிலைத்தது. அரட்டை அடித்தால் சந்தோஷம் குறையும் என்ற முதல் ஆய்வின் இன்னொரு முடிவு நிலைக்கவில்லை. நிம்மதியாக அரட்டை அடியுங்கள்.

கேள்வி: அப்பாவிடம் மனம்விட்டுப் பேச ஆசை. "சம்பளம் வந்துச்சா, வண்டியை சர்வீஸ் விட்டியா"வைத் தாண்டி ஒரு வார்த்தை நகர்வதில்லை.
– வாசகர், கோவில்பட்டி

வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்பது உங்களைப் பற்றிய கவலை. அவருக்கு வாய்த்த ஆழம் அது. முதலில் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

அவர் விலகிப் போவார் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கார்டாஸ், குமார், எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பன்னிரண்டு பரிசோதனைகள் நடத்தினார்கள். மனம்விட்டுப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், பேசி முடித்ததும் அவ்வளவு சங்கடம் இல்லை என்றார்கள். "நம் கதையில் எதிராளிக்கு என்ன அக்கறை?" என்ற நினைப்புதான் வாயைக் கட்டிவைத்திருந்தது. உங்கள் அப்பாவும் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்!

"நீங்க சந்தோஷமா இருந்தீங்களாப்பா?" என்று கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய கேள்விக்கு எந்த மூலையிலிருந்து பதில் சொல்வது? "முதல் சம்பளத்துல என்னப்பா வாங்குனீங்க?" என்று கேளுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. பதில் வந்ததும் உங்கள் கதைக்குத் தாவாமல், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வி: கல்யாண வீட்டில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று சித்தி கேட்கிறார். அதுவும் ஆழமான கேள்விதானே? நான் தவிர்ப்பது தப்பா?
– வாசகி, மதுரை

தப்பே இல்லை. அந்தரங்கத்தைக் கிளறுவதெல்லாம் ஆழமாகிவிடாது. உளவியலாளர் ஆர்தர் ஆரோன் 1997-ல் வெளியிட்ட 36 கேள்விகளைப் பாருங்கள். முன்பின் தெரியாதவர்களை நெருங்க வைக்கும் அந்தக் கேள்விகள் மெல்ல மெல்லத்தான் ஆழத்துக்குப் போகின்றன, இருவருமே பதில் சொல்ல வேண்டும். ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால் அது விசாரணை. "இருந்தா உங்ககிட்ட சொல்லாமலா சித்தி? பாயசம் வந்துச்சா உங்களுக்கு?" என்று நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: சாக்ரடீஸ் சந்தையில் நின்றே ஆழமான கேள்விகளைக் கேட்டாரே?
– வாசகர், புதுச்சேரி

கேட்டார். சுற்றி நின்ற இளைஞர்கள் ரசித்தார்கள், பதில் தெரியாமல் விழித்த பெரிய மனிதர்கள் பகைத்துக்கொண்டார்கள். கி.மு. 399-ல் நஞ்சுக் கோப்பை வந்ததற்கு அந்தப் பகையும் ஒரு காரணம். நீங்கள், ஆள் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

கேள்வி: அம்மாவை இழந்த நண்பன், "எப்படிடா இருக்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுகிறான்.
– வாசகர், நாகர்கோவில்

எல்லோரும் அதையே கேட்பதால் எல்லோருக்கும் அதே பதில். நீங்கள் அவன் அம்மாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் வைத்த குழம்பு, போட்ட அதட்டல், எதுவானாலும் சரி. அவன் வாய் திறக்காவிட்டால், அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கே அவன் பேச வேண்டும் என்பதில்லை. அடுத்த வாரமும் போங்கள்.