ஒன்பது புள்ளி இரண்டில் என்ன ஓடுகிறது?

அன்புள்ள மாமாவுக்கு, சிக்காகோவை அடுத்த நேப்பர்வில்லிலிருந்து மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா உட்பட எல்லோரும் நலம். கருங்குழியில் அத்தை, பிள்ளைகள், ஏரித் தண்ணீர் எல்லாவற்றின் நலமும் அறிய ஆவல்.

"அமெரிக்காவுக்குப் போய் ஆன்டெனா கட்டுகிறானாமே, வேலை போய்விட்டதா?" என்று போனில் அக்காவிடம் கேட்டீர்களாம். வேலை பத்திரமாக இருக்கிறது மாமா, கேபிள்தான் போனது. இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் புத்திமதி, எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்பது. உங்கள் அக்கா வந்ததும் வராததுமாகக் கேபிள் பில்லைக் கையில் எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டார். அன்று இரவு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையே ஆன்டெனா வந்துவிட்டது.

டிவி இங்கே காற்றிலும் இலவசமாக வருகிறது. இந்த நாட்டிலேயே வருடக்கணக்காக இருக்கிற நம்மாட்கள் பலருக்கு இது தெரியாது, சொன்னாலும் நம்புவதில்லை. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் என்று பெரிய கடைகள் அத்தனையும் சிக்காகோ நகரத்து வில்லிஸ் டவர், ஹான்காக் கட்டடம் ஆகியவற்றின் உச்சியிலிருந்து ஒளிபரப்பாகின்றன. வில்லிஸ் டவருக்கு 110 மாடி, 1,450 அடி. இரண்டு கட்டடங்களுக்குமே கட்டுமானப் பொறியாளர் டாக்காவிலிருந்து வந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான் என்பதை, வீட்டுக்கு வரும் வெள்ளைக்கார நண்பர்களிடம் மருமகன் சொல்லாமல் விடுவதில்லை. அந்தக் கட்டடங்களிலிருந்து இந்த வீடு சுமார் 30 மைல். சேப்பாக்கம் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து 75 கிலோமீட்டர் தூரத்துப் படத்தைச் சவுக்குக் கட்டையில் கட்டி இழுத்த உங்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது. அது நம் தெருவுக்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று, அதுவும் உங்கள் தோளில் ஏறித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்குள் நீங்கள் மாடியில் இருப்பீர்கள். கீழே டயனோரா டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். "வருதா?" "இப்ப?" "அய்யோ, போச்சு, பழைய இடத்துக்கே திருப்பு!" இதில் நீங்கள் பாட்டு பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. படத்தில் கொசு மொய்க்கும். கதாநாயகிக்குப் பக்கத்தில் அவளுடைய நிழலுருவமும் சேர்ந்து ஆடும். ஆனாலும் படம் தெரிந்தது. கால்வாசி சிக்னலுக்குக் கால்வாசிப் படம் என்று ஒரு நியாயம் அதில் இருந்தது.

டிஜிட்டலில் அந்த நியாயம் கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் கண்ணாடி போலப் படம். அதற்கு ஒரு மயிரிழை கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து, பிறகு கருப்புத் திரை. பெட்டி உள்ளே கணக்குப் போட்டுப் பிழைகளைத் திருத்திக்கொண்டே வருகிறது. திருத்த முடிகிற வரை நமக்கு எதுவும் தெரியாது, முடியாமல் போனதும் மொத்தமாகக் கையை விரித்துவிடும். அமெரிக்கா முழுவதும் பெரிய நிலையங்கள் இதற்கு மாறி முடித்த நாள் 2009 ஜூன் 12. பழைய டிவி வைத்திருந்தவர்கள் மாற்றுப்பெட்டி வாங்கிக்கொள்ள அரசாங்கமே வீட்டுக்கு இரண்டு, தலா 40 டாலர் கூப்பன் கொடுத்தது. இலவசமாக டிவியே கொடுத்த தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அக்கா உங்களிடம் குழப்பிச் சொன்ன 'புள்ளி' விவகாரத்துக்கு இனி வருவோம். இங்கே சேனல் எண் 9.1, 9.2, 9.3 என்று வரும். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு கிரவுண்டு மனையில் முன்பு ஒரே வீடு கட்டுவார்கள் அல்லவா? அதுபோல ஒரு நிலையத்துக்கு அரசு ஒதுக்கிய 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அனலாக் காலத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் கட்ட முடிந்தது. டிஜிட்டலில் அதே மனையில் நொடிக்கு 19.39 மெகாபிட் தகவல் அனுப்பலாம். சுருக்கி அனுப்பினால் சொந்தக்காரருக்குப் பெரிய எச்.டி. வீடு போக இடம் மிச்சம். மிச்சத்தில் வாடகைக்குப் போர்ஷன்கள். அந்தப் போர்ஷன்கள்தான் துணைச் சேனல்கள். மொத்த அளவு மாறாததால் ஒரு போர்ஷன்காரர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்கித்தான் ஆக வேண்டும். 9.1-இல் படம் ஏன் பளிச்சென்றும் 9.2-இல் ஏன் கழுவிப்போட்ட மாதிரியும் இருக்கிறது என்று அக்கா கேட்டதற்கு விடை இதுதான்.

இதைவிட வேடிக்கை, திரையில் தெரிகிற எண்ணும் காற்றில் வருகிற எண்ணும் வேறு வேறு. சிக்காகோ சிபிஎஸ் நிலையத்தை ஊரே பல பத்தாண்டுகளாக 'சேனல் 2' என்றுதான் சொல்லும். ஆனால் அந்த 2.1 காற்றில் வருவது 12-ஆவது அலைவரிசையில். டபிள்யூஜிஎன் என்கிற 9, உண்மையில் 19-இல் வருகிறது. சிக்னலுக்குள்ளேயே 'என்னை 2 என்று காட்டு' என்று ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது; பெட்டியும் அப்படியே காட்டிவிடுகிறது. நம் ஊரில் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயருமாக இருப்பவர்களை உங்களுக்குத் தெரியாதா என்ன?

இது தெரியாமல் ஆன்டெனா வாங்குகிறவர்கள் சிபிஎஸ் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 19-ஆவது அலைவரிசை யு.எச்.எஃப்., அதற்கு ஓரடி நீளக் கம்பி போதும். 12-ஆவது வி.எச்.எஃப்., அதைப் பிடிக்க இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவான கம்பி வேண்டும். சுவரில் ஒட்டுகிற காகிதம் போன்ற சின்ன ஆன்டெனாக்கள் அங்கேதான் திணறும். கடையில் 'டிஜிட்டல் ஆன்டெனா, 150 மைல்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். ஆன்டெனா ஒரு கம்பி. டிஜிட்டலா அனலாகா என்று அதற்கு எப்படித் தெரியும்? 150 மைலுக்குள் பூமியே வளைந்து குறுக்கே நின்றுவிடும்.

மருமகனின் ஆன்டெனா கூரைக்கு அடியில் பரணில் இருக்கிறது, மூக்கு சிக்காகோவைப் பார்த்து. கதவுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம், புல்லை எப்போது வெட்ட வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடும் குடியிருப்போர் சங்கம் இங்கே உண்டு. ஆனால் சொந்த வீட்டுக்காரன் ஆன்டெனா வைப்பதை அந்தச் சங்கத்தாலும் தடுக்க முடியாது; 1996-லேயே மத்திய தகவல் தொடர்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. கூரை மேலேயே வைத்திருக்கலாம். ஜனவரிப் பனியில் கூரை ஏறுவதை நினைத்ததும் மருமகனுக்குப் பரண் பிடித்துப்போனது.

சேனல்களை நோண்டி நோண்டி ஊர்ப்பட்டதைக் கண்டுபிடித்தவர் உங்கள் அக்காதான். 9.2-இல் 'ஆன்டெனா டிவி' என்றே ஒரு சேனல், பெரும்பாலும் பழைய நகைச்சுவைத் தொடர்கள். 'மீ டிவி' என்று இன்னொன்று; சிக்காகோவில் 2005-இல் உள்ளூர்ச் சரக்காகத் தொடங்கி, 2010 டிசம்பரில் நாடு முழுக்கப் பரவியது. பெரும்பாலும் மற்ற ஊர் நிலையங்களின் மிச்ச இடத்தில் குடியேறித்தான் பரவியது. அதில் வரும் 'பெர்ரி மேசன்' கருப்பு வெள்ளை வக்கீல் தொடருக்கு அக்கா அடிமை. ஆங்கிலம் பாதிதான் புரிகிறது; குற்றவாளி யார் என்று மட்டும் முதல் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார். "கௌரவம் சிவாஜி வாதாடின மாதிரி இல்லை" என்பது அவருடைய தீர்ப்பு. 11-இல் பிபிஎஸ், அதன் ஒரு போர்ஷனில் குழந்தைகள் சேனல் ஓடுகிறது, பேரனுக்குச் சோறூட்ட அதுதான். சமையல் நிகழ்ச்சிகளையும் விடுவதில்லை, உப்பு போடுகிற அளவைப் பார்த்துத் திட்டுவதற்காக.

இந்தச் சேனல்களின் விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்காக நடத்துகிறார்கள் என்று புரிந்துவிடும். முதியோர் மருத்துவக் காப்பீடு, காது மெஷின், மாடிப்படியில் ஏற்றிவிடும் நாற்காலி. எப்போதோ எடுத்து முடித்த தொடர், மிச்சம் கிடந்த இடம், ஓய்வுபெற்ற ரசிகர்கள். பெரிய செலவில்லாத வியாபாரம். ஸ்பானிஷ்காரர்களுக்கு 44, 66 என்று தனி நிலையங்களே இருக்கின்றன. தமிழ் எந்தப் புள்ளியிலும் இல்லை. சன் டிவி ஆன்டெனாவில் வருமா என்று அத்தை கேட்டதாகச் சொன்னீர்கள். வராது, அதற்கு இன்டர்நெட்டில் காசு கட்டத்தான் வேண்டும்.

நம் ஊர்க் கதையை எண்ணித்தான் மருமகனுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷனும் இதே போல டிஜிட்டலாகக் காற்றில் வந்தது. ஓர் அலைவரிசையில் ஐந்து சேனல்கள். செல்போனில்கூடப் பார்க்கலாம் என்றார்கள், ஆனால் அதற்குத் தனியாக ஒரு டாங்கிள் செருக வேண்டும். யார் செருகினார்கள்? அதற்குள் கேபிளும், மாதக் கட்டணம் கேட்காத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் வீடுகளைப் பிடித்துவிட்டன. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் சுமார் ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை 2022 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். எண்பதுகளில் கடலோரத்துக்காரர்கள் பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடித்த தேசம் நம்முடையது. திறமைக்கு என்ன குறை? டிவிப் பெட்டிக்குள்ளேயே டிஜிட்டல் ட்யூனரை வைத்து விற்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது மருமகனின் தாழ்மையான அபிப்பிராயம்.

மே மாதம் நீங்களும் அத்தையும் வரும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். அப்போது மரமெல்லாம் இலை விட்டிருக்கும். இலை அடர்ந்தால் சிக்னல் இளைக்கும், ஒன்றிரண்டு சேனல் காணாமல் போகும். ஓஹேர், மிட்வே என்று இரண்டு விமான நிலையம் வேறு. தாழப் பறக்கிற விமானத்தில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதிச் சில விநாடி படத்தை உடைக்கும். அப்படி உடைகிறபோதெல்லாம் அக்கா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "யாரோ வர்றாங்க" என்கிறார்.

உங்கள் பழைய ஆன்டெனாவைக் காயலான் கடையில் போட வேண்டாம். அலுமினியக் குழாய்களை மட்டும் கழற்றி எடுத்து வாருங்கள். பெட்டியில் இடமில்லை என்றால் அத்தையின் ஊறுகாய்க்கு முன்னுரிமை.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்