வாளப்பளம்

1981-ல் நான் ஆறாம் வகுப்பு. தமிழய்யா ஒவ்வொருவராக எழுப்பி 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னார். எங்களுடையது கம்பம் பள்ளத்தாக்கு நாக்கு. மழை எங்களுக்கு மளை, கிழக்கு கெளக்கு, கிழவி கெளவி. வகுப்பில் மூன்று பேருக்குத்தான் சரியாக வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு வாரம் தோட்டத்துக் கிணற்றடியில் தனியாக நின்று பழகினேன். ளகரத்துக்கு நாக்கு தடித்து மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும். ழகரத்துக்கு நுனி மேலே வளைந்து, ஒட்டாமல் வருட வேண்டும். ழகரம் இப்படிப் பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதி வைத்திருக்கிறார் என்பது பின்னால் படித்தது. அன்றைக்கு வாய் வலித்தது மட்டும்தான் தெரியும். எட்டாம் நாள் ழகரம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு நேராக அப்பத்தாவிடம் போனேன்.

சின்னமனூரில் பஸ் நிற்கும் இடத்தில் அவள் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். "வாளப்பளம், வாளப்பளம்" என்று அவள் கூவினால், புறப்பட்ட பஸ்ஸிலிருந்தும் கை நீளும். அன்றைக்கும் ஜன்னலோரம் நின்று கூவினாள். நான் சத்தமாகச் சொன்னேன்: "அப்பத்தா, வாளப்பளம் இல்ல. வாழைப்பழம்."

பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பத்தா என்னைப் பார்த்தாள். "சரி சாமி" என்றாள். அதற்குமேல் கூவவில்லை. பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் பக்கத்தில் இருந்தால் அவள் வாய் திறக்க மாட்டாள். சீப்பைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகக் காட்டுவாள், அவ்வளவுதான். அவள் ஏன் கூவவில்லை என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இஞ்சினியர் துரையின் படம் இருந்தது. மேற்கே போன ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் அணையை முடித்தவர். எங்கள் வாழையும் நெல்லும் அந்தத் தண்ணீரில் வந்தவை. அப்பத்தா அவரை 'பென்னிகுக்கு தொர' என்பாள். நான் படத்துக்குக் கீழே இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து, "குக்கு இல்ல அப்பத்தா, குயிக்" என்று திருத்தினேன். அதற்கும் "சரி சாமி"தான்.

அவள் இறந்து பல வருடம் கழித்து ஒரு சங்கதி படித்தேன். பென்னிகுயிக் என்ற குடும்பப் பெயர், ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்தது. எழுத்தில் எப்படி இருந்தாலும், அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'பென்னிகுக்'. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா காதால் வாங்கிய பெயரை நான் எழுத்தைக் காட்டிக் கெடுத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று நானும் தமிழாசிரியன். உச்சரிப்பை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் ழகரம் தானாக வராது. ஒரு மாணவன் பேச்சுப் போட்டிக்குப் போய், 'தமிழ்' என்ற சொல்லே சரியாக வராமல் தோற்றுத் திரும்பினான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றான். அவன் மனம் நோகக் கூடாது என்று சும்மா இருந்தது நான்தான். கற்க வந்தவனுக்குச் சொல்லாமல் விடுவது துரோகம்.

அதனால் இப்போது சொல்கிறேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, நாக்கு நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரை மட்டும் நான் திருத்துவதில்லை. அவன் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதைக் கேட்டு நான்தான் பழகிக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வெளியே வேறு வழி. தேனி புதிய பஸ் நிலையத்துக்கு இப்போது பென்னிகுயிக் பெயர்தான். போன மாதம் அங்கே ஒரு வடநாட்டுப் பையன், தோளில் பையோடு, "கும்பும் பஸ்?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மேல் என்ன தப்பு? வெள்ளைக்காரன் எழுதி வைத்த எழுத்தை அவன் அப்படியே படித்தான். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்ற 2020-ல் அரசு 1018 ஊர்களுக்கு ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்கே முடிக்க முடியாத காரியம் அது.

"கம்பம் பஸ்ஸா தம்பி? கம்பம் பஸ் அந்தா நிக்குது" என்று கை காட்டினேன். அவன் ஏறும்போது கண்டக்டரிடம், "கம்பம்?" என்று கேட்டான். நான் திருத்தியது அவனுக்கே தெரியாது. பேச்சு பழகும் குழந்தைக்குத் தாய் இப்படித்தான் சொல்லித் தருகிறாள். குழந்தை தப்பாகச் சொன்னதை அவள் சரியாகத் திருப்பிச் சொல்வாள், அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் நடத்தும்போது, 'கிளவி என்றால் சொல்' என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் என் கை கொஞ்சம் நிற்கும். எங்கள் ஊர் வாயில் கிழவியும் கிளவியும் ஏறக்குறைய ஒன்றுதான். என் கிழவியின் சொல்லை நிறுத்தியவன் நான்.

சின்னமனூரில் பஸ் நின்று, ஜன்னலுக்குக் கீழே "வாளப்பளம்" என்று ஒரு குரல் கேட்டால் இப்போது இறங்கிவிடுகிறேன். கிணற்றடியில் பழகிய ழகரத்தை அந்தக் கூடை முன்னால் நான் எடுப்பதில்லை.

"பளம் என்ன வெலம்மா?" என்று கேட்கிறேன்.