ஜோடி மாறட்டும்!

கேள்வி: கலப்பு இரட்டையர் ஷட்டிலில் எப்போதும் ஒரே ஜோடிதான் ஜெயிக்கிறது. மற்றவர்களுக்கு ஆர்வமே போய்விட்டது. என்ன வழி?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள், பாவமே இல்லை!

நாலு ஆண், நாலு பெண், இரண்டு கோர்ட் போதும். சுற்றுக்குச் சுற்று பெண்கள் மட்டும் ஒரு இடம் நகர, நாலாவது சுற்றில் ஒவ்வொருவரும் எதிர்ப்பாலார் நால்வருடனும் ஆடி முடித்திருப்பார்கள். புள்ளி ஜோடிக்கு அல்ல, ஆளுக்கு. 21-15 என்று தோற்றாலும் அந்த 15 அவரவர் கணக்கில் ஏறும். கடைசிப் புள்ளிவரை கால்கள் ஓடும். வெள்ளிமலையிலிருந்து தனியாக இறங்கி வருபவருக்கும் ஜோடி கிடைத்துவிடும்.

ஜோடி மாறினாலும் ஜெயிக்கலாம்: சென்னை அமிர்தராஜ் அகாடமியில் பயின்ற லியாண்டர் பயஸ், டென்னிஸில் 10 கிராண்ட் ஸ்லாம் கலப்பு இரட்டையர் பட்டங்களை லிசா ரேமண்ட், நவரத்திலோவா, காரா பிளாக், ஹிங்கிஸ் என நால்வருடன் வென்றவர்.

சுற்றுக்கு 15 நிமிஷம் வைத்தால், ஒரு மணி நேரத்தில் எல்லாரும் டீக்கடையில் இருக்கலாம்.