பூந்திக்கொட்டைப் பெரியம்மா

எங்கள் ஊர் கூரத்தில் யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும் பத்திரிகை அடிக்கும் முன்பே பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட மறந்தால்கூடப் பரவாயில்லை. "செவ்வாய், வெள்ளியில தங்கம் வாசப்படி தாண்டக் கூடாது. சனிக்கிழமை காலையில எடுத்துட்டு வா. கொட்டையை நான் ராத்திரியே ஊறப் போட்டுடறேன்" என்று தேதி கொடுத்துவிடுவார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கொட்டை என்றால் பூந்திக்கொட்டை. அதனாலேயே பூந்திக்கொட்டைப் பெரியம்மா. யாருக்குப் பெரியம்மா என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்படி ஒருத்தர் உங்கள் தெருவிலும் இருப்பார். சுளுக்கு எடுக்க ஒருவர், வடு மாங்காய் போட ஒருவர் என்பதுபோல நகை கழுவ ஒருவர். கூலி வாங்க மாட்டார்கள். பதிலுக்கு உங்கள் குடும்பச் சரித்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

பெரியப்பா தறி நெய்தவர். சரிகை என்றால் உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம் என்று கல்யாணமான புதிதிலேயே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மேலே மின்னுவதை நம்பாத புத்தி அன்றைக்கு வந்ததுதான்.

சனிக்கிழமை காலை அந்தத் திண்ணை அறுவைசிகிச்சைக் கூடம். முதலில் முற்றத்து ஜலதாரையில் பழந்துணியை வைத்து அடைப்பார். கீழே பெரியப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரிப்பார். கல் ஒன்று உதிர்ந்தாலும் கண்ணில் பட வேண்டும். அதன்மேல் தாம்பாளம். பக்கத்தில் டீ வடிகட்டி, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். கொட்டையைப் பிசைந்து நுரை எழுப்பிய பிறகு யாரும் தும்மக் கூடாது. பிறகு எண்ணிக்கை, தெருவுக்கே கேட்கும் குரலில்: "சங்கிலி ஒண்ணு. ஆரம் ஒண்ணு. வளையல் ஆறு. ஜிமிக்கி ஒரு ஜோடி, அதுல இடது ஜிமிக்கிக்கு ஒரு முத்து கம்மி, இப்பவே சொல்லிட்டேன்." கழுவி முடித்ததும் மறுபடி ஒருமுறை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை யாருக்கும் காபி கிடையாது.

அவருக்கு அழுக்கு ஒரு பாஷை. தாலிச் சங்கிலியின் கண்ணிகளில் மஞ்சள் அப்பியிருந்தால், "மாமியார் இன்னும் திடமா இருக்காங்க போல." வளையலின் உள்பக்கத்தில் மாவு இருந்தால், "வீட்ல வேலைக்கு ஆள் நின்னுட்டாளா?" தோட்டுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ராத்திரிகூடக் கழற்றாத சோம்பேறி. அழுக்கே இல்லாமல் ஒரு நகை வந்துவிட்டால்தான் ஆபத்து. ஒருமுறை ஒரு நெக்லஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆறு மாசமா கழுத்தையே பாக்கலையே கண்ணு. பேங்க்ல இருந்து எப்ப மீட்டீங்க?" என்று கேட்டார். கொண்டுவந்த பெண்ணின் மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பற்பசை என்ற சொல்லை அந்தத் திண்ணையில் உச்சரிக்கக் கூடாது. இருபத்திரண்டு காரட் தங்கம் மிருதுவானது. பற்பசையில் இருக்கிற நுண்ணிய பொடி அதைக் கீறி, நாளடைவில் மங்கவைத்துவிடும். "பல்லுக்குத் தோல் கெட்டி, தங்கத்துக்கு இல்ல" என்பது அவருடைய விஞ்ஞானம். முத்துக்கும் பவழத்துக்கும் எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. இரண்டும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரிக்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். நூல் நனைந்தால் அதுவும் இற்றுப்போகும். கெம்பு அட்டிகையைத் தண்ணீரில் முக்கவே விடமாட்டார். பின்பக்கம் மூடிக் கட்டிய கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடும் அரக்கும் இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் அரக்கு இளகும், ஈரம் உள்ளே போனால் தகடு கறுக்கும், கல் குருடாகும். இதையெல்லாம் அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். "என் நாத்தனார் அட்டிகையில" என்றார்.

கழுவிய தண்ணீரையும் கீழே விட மாட்டார். ஒரு நாள் முழுக்கத் தெளியவிட்டு, அடியில் விரலால் துழாவிய பிறகுதான் முருங்கை மரத்துக்கு ஊற்றுவார். நான் சிரித்தேன். கோவையில் பொற்கொல்லர்கள் இருக்கும் தெருக்களில் சாக்கடை மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்தே பிழைப்பவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது. இப்போது அந்த முருங்கைக்காயைச் சாப்பிடும்போது சற்று மரியாதையாகத்தான் மெல்லுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பாத்திரத்துக்குப் பவுடர், கூடவே நகைக்கு இலவச பாலிஷ். பக்கத்துத் தெருவில் ஒரு சங்கிலியைக் கிண்ணத்தில் முக்கி எடுத்தார்கள். சூரியன் மாதிரி வந்தது. கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் பத்திரமாக மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் எடை போட்டால் ஒரு சவரனுக்கு மேல் காணோம். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு சேர்த்தால் ராஜ திராவகம். தங்கத்தையே கரைக்கும். கரைந்த தங்கம் கிண்ணத்தில், கிண்ணம் பைக்கில். பெரியம்மாவுக்கு அந்த வேதியியல் தேவைப்படவில்லை. "ஓசியில கழுவறவன் அழுக்குத் தண்ணியை எதுக்குடி கூடவே எடுத்துட்டுப் போறான்? அதைக் கேட்டிருக்க வேணாமா?"

போன வருஷம் சென்னையிலிருந்து பேரன் பெண்டாட்டி ஒரு சின்ன மெஷின் வாங்கி வந்தாள். காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உலுக்கி எடுக்குமாம். சங்கிலியைப் போட்டதும் கண்ணிகளிலிருந்து அழுக்கு சாம்பிராணிப் புகை மாதிரி கிளம்பியது. பெரியம்மா அசந்துபோனார் என்பதை அவர் வாயை மூடிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டோம். மரகத மோதிரத்தையும் போடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சைக் கல்லுக்கு எண்ணெய் ஊட்டியிருப்பாங்க, போயிடும்." அது உண்மைதான், மரகதத்தின் கீறல்களை எண்ணெயால் மறைப்பது பழைய வழக்கம், மெஷினில் அது வெளியேறிவிடும். பிறகு மெஷினைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி. இது எண்ணுமா?"

அவள் விடவில்லை. புது வளையலில் பொறித்திருந்த ஆறு எழுத்து அடையாள எண்ணைச் செல்போனில் தட்டிக் காட்டினாள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்க முடியாது. பெரியம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஓகோ, ஆதார் குடுத்துட்டாங்களா" என்றவர், அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படாமல் கழுவினார்.

இவ்வளவு வாய் உள்ள மனுஷி ஒரே ஒருமுறை பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை. திண்ணையில் கூட்டம். தெருக்கோடி வீட்டு இரண்டாவது மருமகள் நாலு வளையலை நீட்டினாள். கையில் வாங்கிய கணமே பெரியம்மாவின் விரல் நின்றது. எடை போதவில்லை. ஓரத்தில் முலாம் விட்டு, உள்ளே செம்பு எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா வேறு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தார். பிரஷ் போடவில்லை, விரல் நுனியால் மட்டும் தடவி, பஞ்சு போன்ற துணியில் ஒற்றி எடுத்தார். பிறகு தெருவுக்கே கேட்கும் குரலில், "வளையல் நாலு. சரியா இருக்கு" என்றார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "சோப்புத் தண்ணி படாம வெச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு அவள்தான் முதலில் காபி குடித்தாள்.

தை ஹஸ்தம் வந்தால் ஊரே கூரத்தாழ்வான் உற்சவத்தில் இருக்கும். ராமானுஜரின் சீடர், எங்கள் ஊர்க்காரர், பெரிய செல்வந்தர். எல்லாவற்றையும் துறந்து மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தவர். வழியில் காட்டிருட்டில் அந்த அம்மாள், "பயமிருக்குமோ?" என்று கேட்க, "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்றாராம். அவர் தீர்த்தம் அருந்துவதற்கென்று ஒரே ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்ததாக அம்மாள் ஒப்புக்கொள்ள, அதையும் வாங்கி வீசிவிட்டாராம். உபன்யாசகர் இந்த இடத்துக்கு வரும்போது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

பெரியம்மாவும் துடைத்துக்கொள்வார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்பார்: "போட்டது சரி. எந்த எடத்துலன்னு யாரும் எழுதி வெக்கலையா?" சற்று நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "பாவம் அந்தம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி தேய்ச்சுக் கழுவித்தான் எடுத்து வந்திருப்பாங்க."