தட்டில் ஏறிய தராசுக்காரர்

கேள்வி: பிரக்ஞை என்பது மூளையின் தொழிலா, ஆத்மாவின் பிரகாசமா? விஞ்ஞானம் இதற்கு என்றேனும் முடிவு சொல்லுமா?

பதில்: உலகிலுள்ள சகல வஸ்துக்களையும் நிறுத்துப் பார்த்த தராசுக்காரர், கடைசியில் தம்மையும் நிறுக்க எண்ணித் தட்டில் ஏறிக்கொண்டால், முள்ளைப் பார்ப்பது யார்? விஞ்ஞானத்துக்கு நேர்ந்திருக்கும் சங்கடம் இதுவே. உறக்கத்திலும் விழிப்பிலும் மூளையின் மின்னலைகள் மாறுவதை அது அளந்துவிட்டது. அளக்கிறவன் மட்டும் அகப்படவில்லை. பௌதிக மேதை எர்வின் ஷ்ரோடிங்கரே, 1944-இல் வெளிவந்த 'உயிர் என்பது என்ன?' என்ற சிறு நூலின் முடிவில் உபநிஷதங்களை நாடினார்.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு பரிசோதனை. 1896-இல், மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியறையில், தேகத்தில் யாதொரு நோயுமின்றியே மரணபயம் பற்றிக்கொள்ள, பதினாறு வயது வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, வைத்தியரைத் தேடி ஓடாமல், கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் கிடந்து, உதடுகளை இறுக மூடி மூச்சையும் அடக்கி, இவ்வுடல் எரிந்தபின் எஞ்சுவது யாதென்று தமக்குள்ளேயே ஆராய்ந்தார். கருவியும் அவரே, ஆய்பொருளும் அவரே! அந்தச் சில நிமிஷங்களோடு மரணபயம் அவரை விட்டு அடியோடு அகன்றது.

சில வாரங்களில், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கைக்கு வந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அச்சீட்டு 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த 'நான்', 'இது' ஆகிவிடுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.