நாலு மணி அங்கிள்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் பிற்பகல் நாலு மணிக்குப் போனால் எந்த ஒட்டுக்கடையிலும் இவரைப் பார்க்கலாம். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் பேனா, மூக்குக்கண்ணாடி, ஆஸ்பத்திரி அட்டை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் இவருக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. இருவருமே நாலு மணி அங்கிள்தான்.

அங்கிளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சண்டை போடமாட்டார். பக்கத்து மேசையில் அமர்ந்து, அந்த ஆளின் கிளாசையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதிக் கிளாசிலேயே அந்த ஆள் எழுந்து போய்விடுவார்.

"தண்ணி என்னா அங்கிள்?" என்று கடைத்தம்பி கேட்பான். தினமும் ஒரே பதில்தான். ஆனாலும் கேட்டாக வேண்டும். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் அங்கிளின் மரியாதை என்னாவது? "தே தாரிக். குராங் மானிஸ். சாயம் கவ்வா இருக்கணும்."

தே தாரிக்கின் இனிப்பே கெட்டிப்பாலில்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் ருசியும் கூடவே போய்விடும். ஆகவே தண்ணி கலக்குகிறவர் கரண்டியை ஒருமுறை பாவனையாக உதறிவிட்டு, பழைய அளவையே ஊற்றுவார். அங்கிளுக்கும் அது தெரியும். டாக்டரிடம் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும், அவ்வளவுதான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று சொன்னது. "அப்போ 81.7 விழுக்காடு நல்லாத்தானே இருக்காங்க!" என்பார் அங்கிள். தாம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்பதை மட்டும் சொல்லமாட்டார். குராங் மானிஸ் சொன்ன புண்ணியத்துக்கு இரண்டு பீசாங் கோரெங் தட்டில் வந்து இறங்கும்.

நாலேகாலுக்குச் சபை கூடிவிடும். ம.இ.கா., ஓய்வூதியம், யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி வேகவில்லை என்பதெல்லாம் அன்றாட அலுவல். புதிதாக ஒருவர் வந்தால், 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கும் முன்பு அந்த இடமெல்லாம் ரயில் யார்டாக இருந்த கதையைக் கேட்காமல் அவர் எழுந்திருக்க முடியாது. 1.1.2019 முதல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை வந்துவிட்டதால், சபையின் ஓர் உறுப்பினர் மூன்று மீட்டர் தள்ளி சாக்கடையோரம் நின்றபடியே கருத்துச் சொல்வார். தூரம் கூடியதால் குரலும் கூடியிருக்கிறது.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாடே மகிழ்ந்தது, அங்கிள் மட்டும் முறைத்தார். "காலையில பசிக்குது, சாப்பிடறான். அதுல என்னா பண்பாடு? பசியே இல்லாம நாலு மணிக்கு வந்து உக்கார்றோமே, அது பண்பாடு!"

பெட்போர்டு சீமாட்டி ஆன்னா 1840 வாக்கில் மாலைப் பசி தாங்காமல் தேநீர் விருந்தைத் தொடங்கிவைத்தார் என்பார்கள். அந்தச் சம்பிரதாயத்தை 1932இல் திறந்த மெஜஸ்டிக் போன்ற கோலாலம்பூர் ஹோட்டல்களில் இன்றும் காணலாம். அங்கிளின் பிறந்தநாளுக்கு மகள் அப்படி ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனாள். மூன்றடுக்குத் தட்டு வந்தது. கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். கீழிருந்து மேலே போவதுதான் முறையாம். அங்கிள் மேலிருந்து இறங்கினார். திரும்பி வந்து சபையில் அறிக்கை வாசித்தார்: "சாயத்தத் தனியா வைக்கிறான், பாலத் தனியா வைக்கிறான், நம்மளயே கலக்கிக்கச் சொல்றான். தண்ணி கலக்கின நமக்கு அவன்தானே லா சம்பளம் கொடுக்கணும்? அவன் நம்மகிட்ட வாங்குறான்!"

ஐந்தரைக்குக் கைப்பேசி அடிக்கும். வீட்டம்மா.

"எங்க இருக்கீங்க?"

"கந்தசாமி கோயில்ல. இப்பத்தான் கும்பிட்டேன்."

"கோயில்ல எப்பலேருந்து ரொட்டி சானாய் தட்டுறாங்க?"

சபை மௌனம் காக்கும். சாக்கடையோர உறுப்பினர்கூட வாய் திறக்கமாட்டார். அங்கிள் தொண்டையைக் கனைப்பார். அதற்குள் மறுமுனையே முந்திக்கொள்ளும்.

"சரி சரி. வரும்போது எனக்கும் ஒரு தே, இக்காட் தெப்பி. ரெண்டு கறிப்பாப். குராங் மானிஸ்னு சொல்லி என் தண்ணியையும் கெடுத்துடாதீங்க."